டெலோமியர் டிஎன்ஏவை ஜி-குவாட்ருப்ளெக்ஸாக மடித்து, மடிந்ததைச் சரிபார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மனிதக் குரோமோசோமின் நுனியான டெலோமியரில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். இந்த இழை தனித்து நிற்கும்போது இரட்டைச் சுருளாவதற்கு அதற்கு ஜோடி இல்லை. அதனால் தன் மேலேயே மடிகிறது. நான்கு குவானின்கள் சதுரமாகக் கைகோர்த்து ஒரு தட்டாகின்றன. மூன்று தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, நடுவே உலோக அயனி அமர்கிறது. இதுதான் ஜி-குவாட்ருப்ளெக்ஸ்.

இதைக் குழாயில் உருவாக்குவது எளிது. பொட்டாசியம் கலந்த நீரில் போட்டால் தானாகவே மடியும். எந்த வடிவத்தில் மடிந்தது, எல்லா இழைகளும் ஒரே வடிவமா, வேண்டாத அயனி ஏதாவது புகுந்ததா என்பதைத்தான் பாடுபட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக வருபவர்களின் பிழைகளில் பெரும்பாலானவை மடிப்பதற்கு முன்பே, பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) தயாரிக்கும் மேசையில் நடந்துவிடுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கருவிகள்: வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள யூவி ஸ்பெக்ட்ரோமீட்டர், சர்க்குலர் டைக்ரோயிசம் கருவி (இடம்சுழல், வலம்சுழல் ஒளியை மாதிரி உறிஞ்சுவதில் உள்ள வேறுபாட்டை அளப்பது; இனி சிடி), பிசிஆர் மெஷின் அல்லது ஹீட்டிங் பிளாக், செங்குத்து ஜெல் பெட்டி. யூவி கருவி 95 டிகிரி வரை போகக்கூடியதாக இருக்க வேண்டும். மூடியுள்ள 1 சென்டிமீட்டர் குவார்ட்ஸ் குவெட் குறைந்தது இரண்டு தேவை. பிளாஸ்டிக் குவெட் 260 நானோமீட்டரில் ஒளியை விழுங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியும் அப்படித்தான்.

வேதிப்பொருள்கள்: கக்கோடிலிக் அமிலம், லித்தியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் குளோரைடு, சோடியம் குளோரைடு, லித்தியம் குளோரைடு, அல்ட்ராப்யூர் நீர். கக்கோடிலிக் அமிலத்தில் ஆர்செனிக் இருக்கிறது. கையுறை கட்டாயம், கழிவைத் தனிப் பாட்டிலில் சேர்க்க வேண்டும், சிங்கில் ஊற்றக்கூடாது.

எல்லாக் கரைசல்களையும் பிளாஸ்டிக் பாட்டிலிலேயே வையுங்கள். கண்ணாடியிலிருந்து சோடியம் கசியும். மற்ற சோதனைகளில் யாரும் கண்டுகொள்ளாத இந்த அளவு, லித்தியம் கட்டுப்பாட்டு மாதிரியில் (ஒப்பிடுவதற்காக லித்தியத்தில் மடியாமல் வைப்பது) கணக்கில் வரும்.

## 2. எந்த வரிசையை ஆர்டர் செய்வது

ஒரே டெலோமியர் இழைதான் என்றாலும் முனையில் ஓர் எழுத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ வடிவம் மாறிவிடும். அதனால் "டெலோமியர் ஒலிகோ" (ஒலிகோ என்பது ஆய்வகத்தில் தயாரித்த குறுகிய டிஎன்ஏ இழை) என்று பொதுவாகச் சொல்லி ஆர்டர் போடக்கூடாது. எல்லா வரிசைகளையும் 5-பிரைம் முனையிலிருந்து 3-பிரைம் நோக்கி எழுதுகிறோம்.

பழகுவதற்கு ஏற்றது 22 எழுத்து வரிசை: ஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி. அதிகம் ஆராயப்பட்டது இதுதான். ஒப்பிட நிறைய தரவு கிடைக்கும். சோடியத்தில் இது எதிர்ப்போக்கு வடிவம் (இரண்டு இழைத்துண்டுகள் ஒரு திசையிலும் இரண்டு எதிர்த்திசையிலும் ஓடுவது) எடுக்கிறது. இது 1993-இல் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) மூலம் தெரிந்தது. 2002-இல் பொட்டாசியத்தில் வளர்த்த படிகத்தில் இதே வரிசை நான்கு இழைத்துண்டுகளும் ஒரே திசையில் ஓடும் இணைப்போக்கு வடிவில் இருந்தது. ஆனால் சாதாரண பொட்டாசியக் கரைசலில் அந்தப் படிக வடிவம் முதன்மையாக இருப்பதில்லை. அங்கே இருப்பது மூன்று துண்டுகள் ஒரு திசையிலும் ஒன்று எதிர்த்திசையிலும் ஓடும் கலப்பு வகைகளின் கூட்டம். படிகப் படத்தைப் பார்த்துவிட்டு, "என் சிடி அதுபோல வரவில்லையே, மடிப்பு தவறிவிட்டதோ" என்று குழம்புபவர்கள் பலர். தவறவில்லை.

பொட்டாசியத்தில் பெரும்பாலும் ஒரே வடிவம் வேண்டுமென்றால் 24 எழுத்து வரிசையை வாங்குங்கள்: டிடி-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-ஏ. இது முதல் கலப்பு வகைக்குச் சாய்கிறது. ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-டி என்ற வரிசையோ பொட்டாசியத்திலேயே இரண்டே தட்டுகள் கொண்ட எதிர்ப்போக்குக் கூடையாக மடியும். முனை எழுத்து ஒன்று எவ்வளவு தூரம் இழுத்துப்போகிறது என்பதற்கு இது போதும்.

கூடவே மடியாத கட்டுப்பாட்டு வரிசை ஒன்று வேண்டும். ஒவ்வொரு ஜிஜிஜி-யிலும் நடு எழுத்தை டி ஆக்குங்கள்: ஏ-ஜிடிஜி-டிடிஏ-ஜிடிஜி-டிடிஏ-ஜிடிஜி-டிடிஏ-ஜிடிஜி. நீளம் அதே 22, ஆனால் தட்டு அடுக்க வழியில்லை. இதை மிச்சம் பிடித்தால் பிறகு ஜெல்லிலும் ஒளிர்வுச் சோதனையிலும் பேச ஆதாரம் இருக்காது.

சுத்திகரிப்பு எச்பிஎல்சி தரத்தில் இருக்கட்டும். வெறும் டீசால்டிங் (உப்பு நீக்கம்) செய்த ஒலிகோவில் ஓரிரு எழுத்து குறைந்த துண்டுகள் கலந்திருக்கும். சாதாரண பிசிஆர் பிரைமருக்கு அது பெரிய குறையில்லை. இங்கே கடைசி ஜி விழுந்த இழை மூன்று தட்டுகளை முழுமையாக அடுக்க முடியாது. உருகல் வளைவு (சூடாக்கும்போது மடிப்பு விரிவதைக் காட்டும் கோடு) அகன்று சரிந்து வரும்.

ஆர்டர் படிவத்தில் நடக்கும் இன்னொரு பிழை: எதிர் இழையான சிசிசிடிஏஏ வரிசையை ஆர்டர் செய்துவிடுவது. அது அமிலச் சூழலில் ஐ-மோட்டிஃப் என்ற வேறு மடிப்பை எடுத்து, சிடியில் 288 நானோமீட்டர் அருகே மேடு காட்டும். நீங்கள் எதிர்பார்க்கும் 290-க்கு மிக அருகில் இருப்பதால் ஏமாறுவது எளிது.

## 3. பஃபர்: அயனியை உங்கள் கட்டுப்பாட்டில் வைப்பது

தட்டுகளின் நடுவே குவானின்களின் ஆக்சிஜன்கள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தள்ளலைத் தணிக்க நேர்மின் அயனி வேண்டும். பொட்டாசியம் இரண்டு தட்டுகளுக்கு இடையிலான பள்ளத்தில் அளவாகப் பொருந்துகிறது. சோடியம் சிறியது, தட்டின் தளத்திலேயே நுழைந்துவிடக்கூடியது. தாங்கும், ஆனால் பொட்டாசியம் அளவுக்கு இல்லை. லித்தியம் பெரும்பாலும் உதவுவதில்லை. அதனால்தான் லித்தியத்தை அடிப்படை பஃபராக வைத்து, மேலே நமக்கு வேண்டிய உப்பைச் சேர்க்கிறோம்.

பத்து மடங்கு பஃபர்: கக்கோடிலிக் அமிலம் 1.38 கிராம் எடுத்து 80 மில்லிலிட்டர் நீரில் கரையுங்கள். லித்தியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து பிஎச் 7.2-க்குக் கொண்டுவந்து, 100 மில்லிலிட்டராக்குங்கள். இது 100 மில்லிமோலார். சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டில் பக்கத்திலேயே இருக்கும், கை பழக்கத்தில் அதைத்தான் எடுக்கும். எடுத்தால் லித்தியம் பஃபர் என்ற பெயரே பொய்.

பிஎச் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். பிஎச் எலக்ட்ரோடின் உள்ளே செறிந்த பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, நுனி வழியே அது கசிந்துகொண்டே இருக்கும். எலக்ட்ரோடை முழுப் பாட்டிலில் முக்கி வைத்துவிட்டு லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக்கொண்டிருந்தால், அத்தனை நேரமும் பொட்டாசியம் கலக்கிறது. சிறு அளவைத் தனிக் குழாயில் ஊற்றி அதில் அளந்து, அளந்ததைக் கொட்டிவிடுங்கள். நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான். "லித்தியத்திலும் மடிகிறதே" என்ற விசித்திரமான முடிவுகள் பிறக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

உப்புக் கரைசல்கள் ஒவ்வொன்றும் 1 மோலார், 100 மில்லிலிட்டருக்கு: பொட்டாசியம் குளோரைடு 7.455 கிராம், சோடியம் குளோரைடு 5.844 கிராம், லித்தியம் குளோரைடு 4.239 கிராம். லித்தியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துத் தராசிலேயே கசியத் தொடங்கும். புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து விரைவாக எடை போடுங்கள். கட்டி கட்டியாக இறுகிய பழைய பாட்டிலில் எடையின் ஒரு பகுதி தண்ணீர்தான்.

ட்ரிஸ் பஃபர் ஏன் கூடாது? 25 டிகிரியில் சிடி மட்டும் எடுப்பதாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ட்ரிஸின் பிஎச் டிகிரிக்கு ஏறத்தாழ 0.028 வீதம் இறங்கும். 25-இலிருந்து 95 வரை சூடாக்கினால் ஏறக்குறைய இரண்டு அலகு போய்விடுகிறது. உருகல் சோதனையில் இது தேவையில்லாத தலைவலி.

ஆர்செனிக்கைத் தொட விருப்பமில்லை, லித்தியம் ஒப்பீடும் வேண்டாம் என்றால் 20 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், பிஎச் 7.0, கூடவே 70 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு போதும். பாஸ்பேட்டிலிருந்து மட்டும் 30 மில்லிமோலார் அளவுக்குப் பொட்டாசியம் வருகிறது, மொத்தம் 100-ஐ ஒட்டி நிற்கும். பாஸ்பேட்டில் வரும் பொட்டாசியத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பது வழக்கம். லித்தியத்துடன் மட்டும் பாஸ்பேட்டைச் சேர்க்காதீர்கள். லித்தியம் பாஸ்பேட் எளிதில் கரையாது, வீழ்படிவாகும்.

## 4. ஒலிகோவைக் கரைத்துச் செறிவை அளப்பது

உலர்ந்த பொடி குழாய் மூடியில் ஒட்டியிருக்கும். திறக்கும் முன் ஒரு நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். பிறகு வெறும் நீரில் கரையுங்கள், பஃபரில் வேண்டாம். குழாயில் எழுதியுள்ள நானோமோல் எண்ணைப் பத்தால் பெருக்கினால் வரும் மைக்ரோலிட்டர் நீர், 100 மைக்ரோமோலார் ஸ்டாக் (பிறகு நீர்க்கச் செய்து பயன்படுத்தும் செறிந்த மூலக் கரைசல்) தரும். பொட்டாசியம் பஃபரில் நேரடியாகக் கரைத்தால் செறிந்த நிலையிலேயே இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகும். பிறகு சூடாக்கினாலும் முழுதாகப் பிரிவதில்லை.

லேபிளில் இருக்கும் அளவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், அளக்க வேண்டும். அதிலும் 90 டிகிரியில் அளக்க வேண்டும். காரணம், இங்கே பயன்படும் ஒளியுறிஞ்சு எண் மடியாத இழைக்கானது. மடிந்த இழை 260 நானோமீட்டரில் குறைவாக உறிஞ்சும். தயாரிப்பிலிருந்தே ஒட்டிவந்த சோடியத்தால் வெறும் நீரில்கூட ஒரு பகுதி மடிந்திருக்கும்.

22 எழுத்து வரிசைக்கு 260 நானோமீட்டரில் அந்த எண் 2,28,500 (மோலார், சென்டிமீட்டர் அளவில்). 40 மைக்ரோலிட்டர் ஸ்டாக்கை 960 மைக்ரோலிட்டர் நீரில் கலந்து, குவெட்டை மூடி, 90 டிகிரியில் ஐந்து நிமிடம் நிறுத்தி அளவு எடுங்கள். ஸ்டாக் சரியாக 100 என்றால் 0.914 வர வேண்டும். 0.80 வந்தால் குவெட்டில் இருப்பது 3.5 மைக்ரோமோலார், ஆகவே ஸ்டாக் 87.5. சூட்டில் நீர் விரிவதால் அளவு 3% அளவுக்குக் குறைத்துக் காட்டும். துல்லியம் வேண்டுபவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

கட்டுப்பாட்டு வரிசைக்கும் 24 எழுத்து வரிசைக்கும் ஒளியுறிஞ்சு எண் வேறு. தயாரிப்பாளர் தரும் தாளில் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் பின்னால் வரும் சிடி ஒப்பீடு அத்தனையும் கோணும்.

ஸ்டாக்கைச் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள்.

## 5. மடிப்பு

1 மில்லிலிட்டர் மாதிரிக்கு, இந்த வரிசையிலேயே: நீர் 760 மைக்ரோலிட்டர், பத்து மடங்கு பஃபர் 100, ஒலிகோ ஸ்டாக் 40, கடைசியாக 1 மோலார் உப்பு 100. இறுதியில் ஒலிகோ 4 மைக்ரோமோலார், உப்பு 100 மில்லிமோலார். உப்பைக் கடைசியில் விடுவதற்குக் காரணம் உண்டு: செறிந்த உப்பும் செறிந்த ஒலிகோவும் குழாயின் அடியில் நேருக்கு நேர் சந்திக்கக்கூடாது.

மூன்று குழாய்கள்: லித்தியம், சோடியம், பொட்டாசியம். பைப்பெட் செய்வதும் அந்த வரிசையிலேயே. பிற்பாடு குவெட்டில் அளப்பதும் அதே வரிசையில். ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தாலும் வலுக்குறைந்த அயனிதான் அடுத்ததில் கலக்கும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. தலைகீழாகச் செய்தால் குவெட் சுவரில் ஒட்டிய பொட்டாசியம் லித்தியம் மாதிரியை மடித்துவிடும்.

95 டிகிரியில் ஐந்து நிமிடம். பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 25 வரை இறக்குங்கள், 70 நிமிடம் ஆகும். பிசிஆர் மெஷினில் செய்வதாக இருந்தால் 100 மைக்ரோலிட்டர் குழாய்களாகப் பிரித்து, மேல் மூடி சூடாக இருக்கும்படி அமையுங்கள். இல்லையென்றால் நீர் ஆவியாகி மூடியில் துளிர்க்கும், கீழே செறிவு ஏறும். ஹீட்டிங் பிளாக்கில் என்றால் 95-இல் வைத்துவிட்டு ஸ்விட்சை அணைத்து, பிளாக் தானாக ஆறும்வரை தொடாமல் விடுங்கள். பிறகு ஓர் இரவு 4 டிகிரியில்.

ஓர் இழை தனக்குள் மடிவது விரைவான வேலை. கலப்பு வகைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிச் சமநிலைக்கு வருவதுதான் மெதுவானது. இரவுக் காத்திருப்பு அதற்காக. மாலையில் மடித்து உடனே சிடி எடுத்து, மறுநாள் இன்னொன்று எடுத்து இரண்டும் பொருந்தவில்லை என்று புலம்புவதைவிட, எல்லா மாதிரிக்கும் ஒரே காத்திருப்பு நேரம் என்று வைத்துக்கொள்வது மேல்.

மெதுவாக ஆறவிடுவது எப்போதும் நல்லதா? 4 மைக்ரோமோலாரில் ஆம். என்எம்ஆருக்காகச் சில நூறு மைக்ரோமோலாரில் மடிக்கும்போது மெதுவான ஆறுதல் பல இழைகள் சேர்ந்த கூட்டுகளுக்கும் வாய்ப்புக் கொடுக்கும். அப்போது நீர்த்த நிலையில் மடித்துப் பிறகு செறிவாக்கும் வழியே பாதுகாப்பானது.

## 6. சிடி நிறமாலை

விளக்கை ஏற்றும் முன் நைட்ரஜனை ஓடவிட வேண்டும். ஆக்சிஜன் இருக்கும் நிலையில் விளக்கு எரிந்தால் ஓசோன் உண்டாகிக் கண்ணாடிகளைக் கெடுக்கும். விளக்கு ஏறியபின் அரைமணி நேரம் காத்திருங்கள்.

அமைப்புகள்: 320-இலிருந்து 220 நானோமீட்டர் வரை, பட்டை அகலம் 1, நிமிடத்துக்கு 100 நானோமீட்டர், மறுமொழி நேரம் 1 விநாடி, நான்கு ஸ்கேன்களின் சராசரி, 25 டிகிரி. ஒவ்வோர் உப்புக்கும் அதே உப்புள்ள வெற்று பஃபரைத் தனியாக எடுத்துக் கழிக்க வேண்டும். பிறகு 320-இல் பூஜ்யமாக்குங்கள். அங்கே டிஎன்ஏவுக்கு எதுவும் இல்லை. குளோரைடு 200-க்குக் கீழே ஒளியை விழுங்கும், 220-இல் நிறுத்துவதால் நமக்குப் பாதிப்பில்லை.

எதிர்பார்க்க வேண்டியவை: சோடியத்தில் 295-இல் மேடு, 265-இல் பள்ளம், 245 அருகே மறுபடி சிறு மேடு. பொட்டாசியத்தில் 290-இல் மேடு, 265 முதல் 270 வரை தோள்போல ஒரு சரிவு, 240-ஐ ஒட்டிப் பள்ளம். இணைப்போக்கு வடிவமாக இருந்திருந்தால் 264-இல் பெரிய மேடும் 240-இல் பள்ளமும் வரும். அதைக் கண்ணால் பார்த்து வைக்க சி-மிக் மரபணுப் புரோமோட்டரின் (மரபணுவை இயக்கும் பகுதி) டிஜிஏ-ஜிஜிஜி-டி-ஜிஜிஜி-டிஏ-ஜிஜிஜி-டி-ஜிஜிஜி-டிஏஏ வரிசையைப் பொட்டாசியத்தில் ஒருமுறை மடித்துப் பாருங்கள்.

அலகு மாற்றம்: மில்லிடிகிரியை 32,980-ஆலும் மோலார் செறிவாலும் சென்டிமீட்டர் நீளத்தாலும் வகுக்கவும். 4 மைக்ரோமோலார், 1 சென்டிமீட்டர், 20 மில்லிடிகிரி என்றால் சுமார் 152 வரும், ஓர் இழைக்கு. சிலர் இதை ஒரு நியூக்ளியோடைடுக்கு என்று 22-ஆல் வகுத்துத் தருவார்கள். எது என்று வரைபடத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் வளைவு பிறருடையதைவிட இருபது மடங்கு உயரம் என்று தோன்றும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. சிடி அளப்பது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று எந்த முகத்தோடு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை. இழைகள் ஓடும் திசையை அது நேரடியாகச் சொல்வதில்லை. 290 மேடும் 268 தோளும் கலப்பு வகைக்கும் வரும். இணைப்போக்கும் எதிர்ப்போக்கும் பாதிப்பாதி கலந்த கரைசலுக்கும் ஏறக்குறைய அப்படியே வரும். சிடி ஒன்றை மட்டும் வைத்து "கலப்பு வடிவம் நிரூபணம்" என்று எழுதக்கூடாது. "கலப்பு வடிவத்தோடு ஒத்துப்போகிறது" என்பதுதான் நியாயமான வாக்கியம்.

40% பாலிஎத்திலீன் கிளைக்கால் 200 சேர்த்தால் பொட்டாசியத்தில் மேடு 264 பக்கம் நகர்ந்து இணைப்போக்கு வடிவம் தெரியும். செல்லின் நெரிசலைப் போலச் செய்கிறோம் என்று இதைச் சேர்ப்பதுண்டு. ஆனால் அந்தப் பொருள் நெரிசலை மட்டும் உண்டாக்குவதில்லை, நீரையும் குறைக்கிறது. செல்லுக்குள் இதுதான் நடக்கிறது என்று அதிலிருந்து தாவிவிடாதீர்கள்.

## 7. 295 நானோமீட்டரில் உருகல்

இரட்டைச் சுருளுக்கு 260-இல் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் 260-இல் பார்ப்பார்கள். வளைவு தட்டையாக, குழப்பமாக வரும். ஜி-குவாட்ருப்ளெக்ஸ் விரியும்போது 295-இல் உறிஞ்சுதல் குறைகிறது. வளைவு மேலிருந்து கீழே இறங்கும். அதைப் பார்த்துக் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம்.

மாதிரியை முதலில் வாயுநீக்கம் செய்யுங்கள். சூடேறும்போது கரைந்த காற்று குமிழியாகிக் குவெட் சுவரில் ஒட்டி வளைவில் திடீர்ப் படிகளை உண்டாக்கும். மேலே சில துளி மினரல் ஆயில் விட்டு மூடுங்கள்.

20 முதல் 95 டிகிரி வரை, நிமிடத்துக்கு 0.5 டிகிரி. ஏற 150 நிமிடம், இறங்க 150 நிமிடம், மொத்தம் ஐந்து மணி நேரம். யுபிஎஸ் இல்லாத இடத்தில் மதியம் தொடங்காதீர்கள். 295-ஓடு 260-ஐயும் 335-ஐயும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். 335-இல் டிஎன்ஏ எதையும் உறிஞ்சாது. அங்கே ஏதாவது அசைந்தால் குமிழி, தூசி அல்லது விளக்கு நகர்வு என்று பொருள், அதைக் கழித்துவிடலாம்.

கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் 15 டிகிரிக்குக் கீழே போனால் குவெட்டின் வெளிப்பக்கம் பனித்துவிடும். உலர்ந்த நைட்ரஜனை அறைக்குள் ஓடவிடாமல் அந்த வெப்பநிலைக்கு இறங்க வேண்டாம்.

22 எழுத்து வரிசை 100 மில்லிமோலார் பொட்டாசியத்தில் 60-களின் நடுவிலும், அதே அளவு சோடியத்தில் 50-களின் பிற்பகுதியிலும் பாதி விரியும். உருகுநிலையைப் படிக்க, மேலும் கீழும் உள்ள நேர்கோட்டுப் பகுதிகளைக் கோடு போட்டு, நடுக்கோடு வளைவை வெட்டும் இடத்தை எடுங்கள். வகைக்கெழுவின் உச்சம் வேகமான வழி, ஆனால் சரியாக அதே எண்ணைத் தராது.

ஏறும் வளைவும் இறங்கும் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். பிரிந்து நின்றால் ஒன்று வேகம் அதிகம், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட இழைகள் சேர்ந்த மடிப்பு இருக்கிறது. அதைப் பிரித்தறிய 2, 4, 20 மைக்ரோமோலாரில் மறுபடி செய்யுங்கள் (20-க்கு 2 மில்லிமீட்டர் குவெட்). தனக்குள் மடிந்த இழைக்குச் செறிவு மாறினாலும் உருகுநிலை மாறாது. கூட்டு மடிப்பு என்றால் செறிவோடு ஏறும்.

கருவி சும்மா இருக்கும்போதே இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம்: 95 டிகிரியில் ஒரு முழு நிறமாலை, 20 டிகிரியில் ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 243, 273 அருகே மேடுகளும் 295-இல் பள்ளமும் தெரிந்தால் அது ஜி-குவாட்ருப்ளெக்ஸின் கையெழுத்து. பத்து நிமிட வேலை, சிடி இல்லாத ஆய்வகங்களுக்குப் பெரிய உதவி.

## 8. நேட்டிவ் ஜெல்

15% பாலிஅக்ரிலமைடு, யூரியா இல்லாமல் (யூரியா மடிப்பைக் கலைத்துவிடும்). 0.5 மடங்கு டிபிஇ (ட்ரிஸ்-போரேட்-ஈடிடிஏ) பஃபர். 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடை ஜெல்லிலும் தொட்டி பஃபரிலும் இரண்டிலுமே சேர்க்க வேண்டும். ஜெல்லில் மட்டும் சேர்த்தால் ஓட்டத்தின் போது அயனி வெளியேறி, பாதியில் மடிப்பு தளர்ந்து, பட்டை வால்விட்டு இழுபடும். உப்பு கூடினால் மின்னோட்டமும் சூடும் கூடும் என்பதால் குளிர் அறையில், சென்டிமீட்டருக்கு 8 வோல்ட்டுக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள்.

மடித்த மாதிரி 10 மைக்ரோலிட்டர் போதும். அதில் 40 பிகோமோல், ஏறத்தாழ 0.28 மைக்ரோகிராம் இருக்கும். கிளிசரால் சேர்த்து ஏற்றுங்கள், கடைசியில் சூடாக்காதீர்கள். அளவுகோலாகத் தொடர் டி-க்கள் மட்டும் கொண்ட 15, 21, 30 எழுத்து ஒலிகோக்களை ஓட்டலாம், அவை மடிவதில்லை. இரட்டை இழை லேடர் இங்கே எதையும் சொல்லாது.

இறுக மடிந்த ஒற்றை இழை, மடியாத 22 எழுத்துக் கட்டுப்பாட்டைவிட வேகமாக ஓடும். மேலே தங்கும் பட்டைகள் கூட்டு மடிப்புகள்.

லித்தியத்தில் தயாரித்த மாதிரியை இந்த ஜெல்லில் "மடியாத கட்டுப்பாடு" என்று ஓட்டுவது அடிக்கடி காணும் தவறு. கிணற்றை விட்டு இறங்கியதுமே ஜெல்லின் பொட்டாசியம் அதைப் பிடித்து மடித்துவிடும். பொட்டாசியம் மாதிரியோடு ஒரே உயரத்தில் ஓடும். நடு எழுத்து மாற்றிய வரிசையைத் தொடக்கத்திலேயே வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

## 9. தயோஃப்ளேவின்-டி ஒளிர்வு

தயோஃப்ளேவின்-டி, ஜி-குவாட்ருப்ளெக்ஸோடு சேரும்போது ஒளிரும் சாயம். வேகமான சோதனை, பிளேட் ரீடர் போதும். ஒலிகோ 1 மைக்ரோமோலார், சாயம் 0.5 மைக்ரோமோலார், 425 நானோமீட்டரில் தூண்டி 490-ஐ ஒட்டிய ஒளிர்வை அளக்கவும். சாயத்தை இருட்டில் வைக்கவும். கட்டுப்பாட்டு வரிசையோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

இந்தச் சாயம் சும்மா வேடிக்கை பார்ப்பதில்லை. பொட்டாசியம் இல்லாத பஃபரில்கூட டெலோமியர் இழையைத் தானே மடியத் தூண்டும். ஆகவே லித்தியம் மாதிரி ஒளிர்ந்தால் அது முன்பே மடிந்திருந்தது என்று பொருளாகாது. ஜெல்லில் எந்தப் பட்டை என்று அடையாளம் காண நல்ல கருவி. முதலில் இதில் ஊறவைத்துப் படம் எடுங்கள், பிறகு எல்லா டிஎன்ஏவையும் காட்டும் சைபர் கோல்டில் ஊறவைத்து இன்னொரு படம்.

## 10. முடிவுகள் முரண்பட்டால் எங்கே தேடுவது

லித்தியத்திலும் 295-இல் சிடி மேடு: பிஎச் எலக்ட்ரோடு, கண்ணாடிப் பாட்டில், சோடியம் ஹைட்ராக்சைடு, கழுவாத குவெட், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். நான்கும் சுத்தம் என்றால் ஒலிகோவோடே வந்த சோடியம். லித்தியம் குளோரைடும் எத்தனாலும் கொண்டு வீழ்படிவாக்கி மறுபடி கரைத்துப் பாருங்கள்.

பொட்டாசியத்தில் உருகுநிலை எதிர்பார்த்ததைவிடப் பத்து டிகிரி குறைவு: உப்பு பத்தில் ஒரு பங்கே போயிருக்கலாம். 1 மோலார் ஸ்டாக்கும் 100 மில்லிமோலார் ஸ்டாக்கும் ஒரே நிறக் குழாயில் இருக்கக்கூடாது.

சிடி வடிவம் சரி, உயரம் மட்டும் குறைவு: மடிப்பில் பிழை இல்லை, செறிவில் பிழை. நான்காம் பகுதிக்குத் திரும்புங்கள்.

சிடி, உருகல், ஜெல் மூன்றும் ஒத்துப்போகின்றன, ஆனால் வடிவம் எதுவென்று உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றால் என்எம்ஆருக்குத்தான் போக வேண்டும். தட்டுகளில் கைகோர்த்த குவானின்களின் இமினோ புரோட்டான்கள் 10 முதல் 12 பிபிஎம் வரை தெரியும். வழக்கமான இரட்டைச் சுருள் ஜோடிகளுக்கு அது 12-க்கு மேலே. மூன்று தட்டுகள் என்றால் பன்னிரண்டு குவானின்கள், ஆகவே பன்னிரண்டு கூர்மையான முகடுகள். எட்டு வந்தால் இரண்டு தட்டு. பதினைந்து, இருபது என்று நெருக்கியடித்து வந்தால் உங்கள் குழாயில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. 22 எழுத்து வரிசை பொட்டாசியத்தில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அந்த நிலையில் மாதிரியைத் திரும்பத் திரும்ப மடித்துப் பயனில்லை, 24 எழுத்து வரிசைக்கு மாறுங்கள்.

மடித்த மாதிரியை 4 டிகிரியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்தலாம். உறையவைத்தால் நீர் பனியாகி விலகும்போது உப்பும் டிஎன்ஏவும் மீதமுள்ள சிறு திரவத்தில் நெருங்கிக் கூட்டு மடிப்புகள் வரக்கூடும். தவறி உறைந்துவிட்டால் கொட்ட வேண்டாம். ஐந்தாம் பகுதியில் சொன்னபடி 95-இலிருந்து மறுபடி மடித்து, 260-இல் செறிவைச் சரிபார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.